ஆறுவதும் ஆற்றுவதும்

புண் ஆறுகிறது என்கிறோம். மனம் ஆறுகிறது என்கிறோம். காய்ச்சிய பாலும் ஆறுகிறது என்றே சொல்கிறோம். மூன்றுக்கும் வினைச்சொல் ஒன்றே. அதனாற்றான் போலும், 'ஆறுதல்' என்னும் சொல்லுக்குள் நோய் தீர்வதும், தீராத துன்பத்தில் ஒருவர் நம் அருகிருந்து தேற்றுவதும் ஒருங்கே குடியிருக்கின்றன. தமிழாசிரியனாக இருந்த காலத்தில் இதனைச் சொல்வளத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறி மகிழ்ந்ததுண்டு. இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று முரணி நிற்கக்கூடும் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை. என் அண்ணன் நோயுற்ற பிறகே அது தெரிந்தது.

அண்ணன் கிள்ளானில் வாழ்கிறார். பதினாறு வயதிலேயே கொத்து வேலைக்குச் சென்றவர். அவருடைய முதல் பணியிடம் பிரிக்பீல்ட்ஸ். அவ்வூர்ப் பெயரே செங்கற் சூளைகளால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்த பின், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் எழுப்பத் தொடங்கினர். அதற்கு வேண்டிய செங்கல் அங்கே சுடப்பட்டது. அண்ணன் சென்றபோது சூளைகள் மறைந்து, இரயில்வே ஊழியர் குடியிருப்புகளும் கோயில்களும் சாப்பாட்டுக் கடைகளுமாக ஊர் மாறியிருந்தது. அங்கே சுவர் எழுப்பினார். பின்னர் தலைநகரெங்கும் அடுக்குமாடிகளில் கல்லும் தரை ஓடும் அறுத்தார். முகக்கவசம் என்ற ஒன்றை அவர் கண்டதில்லை. தலைத்துண்டை மூக்கின்மேல் சுற்றிக்கொள்வார். மாலையில் வீடு திரும்பும்போது அவர் புருவம் வெளுத்திருக்கும். சிறுவனாகிய நான் அதைக் கண்டு சிரிப்பேன்.

இன்று பத்தடி நடந்தாலே அவருக்கு மூச்சு இரைக்கிறது. நுரையீரல் தழும்பேறிவிட்டது என்றார் மருத்துவர். ஆங்கிலத்தில் 'பைப்ரோசிஸ்' என்பது இதுதான். கல்தூசியைப் பல்லாண்டு சுவாசித்தவர்க்கு இத்தகைய நோய் வரும் என்பது புதிய செய்தியன்று. கோலார்த் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய தமிழர்களின் நெஞ்சிலும் அது முன்பே எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அண்ணனுக்கு நேர்ந்தது தூசியால் வந்ததா, காரணம் அறியப்படாத வகையைச் சேர்ந்ததா என்று மருத்துவர்கள் அறுதியிட்டுக் கூறவில்லை. காரணம் அறியப்படாத வகையாயின், கண்டறிந்த நாளிலிருந்து 3 முதல் 5 ஆண்டுகளே பொதுவாகக் கிடைக்கும் என்பர். 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இரு மருந்துகள் நோயின் நடையைத் தளர்த்துகின்றன. ஏறிய தழும்பை அவை கரைப்பதில்லை.

நுரையீரலுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. மெல்லியதாக இருப்பதனாலேயே காற்றிலுள்ள உயிர்வளி குருதிக்குள் புக முடிகிறது. அச்சுவரில் காயம் பட்டால் உடல் அதனை ஆற்ற முனைகிறது. நார் நூற்கும் உயிரணுக்கள் வந்து கூடிக் கொலாஜென் என்னும் புரதத்தைப் பின்னிக் காயத்தை மூடுகின்றன. பணி முடிந்ததும் அவை கலைந்து போக வேண்டும். இந்நோயில் அவை கலைவதில்லை. காயம் மூடிய பின்னும் நூற்றுக்கொண்டே இருக்கின்றன. சுவர் தடிக்கிறது, நுரையீரல் விறைத்துப்போகிறது. உடல் தன்னைத்தானே ஆற்றும் செயலே நோயாகிவிட்டது என்று இதனைச் சொல்லலாம். இது எனக்கு விளங்கிய அன்றிரவு நான் உறங்கவில்லை.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவள் அண்ணனின் இளைய மகள். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் மருத்துவ ஆய்வாளராகப் பணிபுரிகிறாள். அவள் துறை திசுப் பொறியியல், அதிலும் எலும்பு. விபத்திலோ நோயிலோ எலும்பின் ஒரு துண்டு இழக்கப்பட்டு, அந்த இடைவெளி தானே கூடாதபோது, நுண்துளைகள் நிறைந்த ஒரு சட்டகத்தை அங்கே பொருத்துவார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்துப் பெருக்கிய உயிரணுக்களை அதில் குடியேற்றுவார்கள். அவை பற்றி வளர்ந்து எலும்பாக வேண்டும். சட்டகம் மெல்லக் கரைந்து மறைய வேண்டும். செராசில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவிலும், மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை ஆய்வுகள் நெடுநாளாக நடைபெறுகின்றன. செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தார் கெராங் ஓட்டை நுண்பொடியாக்கி எலும்புக்கான சட்டகம் செய்து பார்த்துள்ளனர். சிலாங்கூர்க் கடலோரத்தில் நாம் அவித்துத் தின்றுவிட்டுக் குப்பையில் வீசும் அதே கெராங் ஓடுதான்! அதன் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து என்பதால் எலும்புக்கு அது அந்நியமன்று.

இவற்றை அவள் தன் தந்தைக்கு ஒரு நாள் விளக்கியபோது நானும் உடனிருந்தேன். எல்லாவற்றையும் கேட்ட அண்ணன், "இது நாங்கள் கட்டும் சாரந்தானே அம்மா?" என்றார். ஆம் என்றாள். "அப்படியானால் சாரத்தை எப்போது பிரிப்பது என்று உள்ளே யார் சொல்வது? பூச்சு இறுகுமுன் பிரித்தால் சுவர் நிற்காது. இறுகிய பின்னும் விட்டுவைத்தால் வீட்டுக்காரன் குடிபுக முடியாது." அவள் சிரித்துவிட்டாள். "அப்பா, என் ஆய்வேட்டில் முந்நூறு பக்கம் அதைத்தான் எழுதியிருக்கிறேன்" என்றாள். சட்டகம் கரையும் வேகமும் எலும்பு வளரும் வேகமும் ஒத்துப்போக வேண்டும் என்பதே அத்துறையின் தலையாய சிக்கல் என்று பின்னர் அறிந்தேன். கொத்தனாருக்கு அது ஒரு கேள்வியிலேயே விளங்கிவிட்டது.

எலும்புக்கும் நுரையீரலுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். உறவு நாம் எண்ணுவதைவிட நெருக்கமானது. 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவர், சுண்ணாம்பு நீக்கிய எலும்புத் துண்டைத் தசைக்குள் புதைத்து வைத்தார். எலும்புக்கு வேலையே இல்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு முளைத்தது. அத்துண்டுக்குள் 'இங்கே எலும்பு கட்டு' என்று கட்டளையிடும் ஏதோ ஒரு புரதம் உறைந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அப்புரதங்கள் பின்னர் பிரித்தெடுக்கப்பட்டன. அவை 'டிஜிஎப்-பீட்டா' என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும் தெரிந்தது. அக்குடும்பத்துக்குத் தன் பெயரைத் தந்த மூத்த உறுப்பினரே, நுரையீரலில் நார் நூற்கும் உயிரணுக்களை ஓயாமல் தூண்டிவிடுவதில் முதற்குற்றவாளி. நூற்கப்படும் நாரும் ஒன்றே. எலும்பிலுள்ள புரதத்தின் பெரும்பகுதி கொலாஜென், தழும்பும் கொலாஜென். ஒரே குடும்பத்தின் குரல் ஓரிடத்தில் முறிந்த காலை நிமிர்த்துகிறது. இன்னோரிடத்தில் மூச்சை நெரிக்கிறது. எலும்பில் தொடங்கிய என் அண்ணன் மகள், தந்தையின் நோய்க்குப் பிறகு நுரையீரல் பக்கமும் தன் ஆய்வைத் திருப்பியதற்குப் பாசம் மட்டும் காரணமன்று. அறிவியலும் அவளை அங்கேதான் இட்டுச்சென்றது.

இனி, நான் சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் மூத்த மகன் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்தான். தலைநகரில் ஒரு தனியார் நிலையம் வெளியிட்டது. குருத்தணுக்களை ஊசிவழி ஏற்றினால் மூட்டு வலி முதல் நுரையீரல் நோய் வரை குணமாகும் என்று அதில் அச்சிட்டிருந்தது. கேட்கும் பணத்துக்கு வீட்டை அடகு வைக்க வேண்டும். அவன் அதற்கும் அணியமாக இருந்தான். தங்கையின் ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தான். எல்லாருடைய கண்ணும் அவள்மேல் இருந்தது. அவளோ, "எலும்பில் இந்த உயிரணுக்கள் என்ன செய்கின்றன என்று ஓரளவு சொல்வேன். அப்பாவின் நுரையீரலில் அவை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது" என்றாள்.

"தெரியாது என்று சொல்லவா இத்தனை ஆண்டு படித்தாய்?" என்றான் அவன். அண்ணி அழத் தொடங்கினார். அண்ணன் யாரையும் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்வதாயின், அன்று நான் அண்ணன் மகன் பக்கமே நின்றேன். அவளைத் தனியே அழைத்து, "உன் தந்தைக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் பொய்க்கும் ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறாரே" என்றேன். ஆசிரியப் பழக்கம், சங்கடமான வேளையில் குறளைத் துணைக்கு அழைப்பது. அவள் ஒரு கணம் பேசாமல் இருந்தாள். "குறையே இல்லாத நன்மை விளைந்தால் மட்டுந்தானே சித்தப்பா அந்த இடம்? அது குறையில்லாதது என்று ஊசி போடுமுன் யார் சொல்வது?" என்றாள். முப்பதாண்டு அக்குறளைப் பாடம் சொன்ன நான் அந்நிபந்தனையை ஓர் அடைமொழியாகவே கடந்து போயிருக்கிறேன்.

அதன்பின் அவள் எனக்குச் சில செய்திகளைப் படிக்கக் கொடுத்தாள். அவற்றுள் இரண்டை இங்கே கூறுவது பொருந்தும்.

முதலாவது, அவள் துறையைச் சேர்ந்தது. யூரிஸ்ட் கண்டறிந்த வகைப் புரதம் ஒன்று செயற்கையாக ஆக்கப்பெற்று, 2002இல் அமெரிக்க அரசின் ஒப்புதலோடு முதுகெலும்பு அறுவையில் பயன்படத் தொடங்கியது. இடுப்புப் பகுதிக்கு ஒப்புதல் பெற்ற அது, ஒப்புதல் பெறாத கழுத்துப் பகுதியிலும் வைக்கப்பட்டது. சிலருக்குக் கழுத்தும் தொண்டையும் வீங்கி மூச்சுக்குழல் அடைபடும் அபாயம் நேர்ந்தது. 2008இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எச்சரிக்கை விடுத்தது. 2011இல் முதுகெலும்பு மருத்துவ இதழ் ஒன்று பழைய ஆய்வறிக்கைகளை மறுபடி புரட்டிப் பார்த்தது. உற்பத்தித் தொழிலின் பொருளுதவியோடு வெளிவந்த 13 ஆய்வுக் கட்டுரைகள். அவற்றில் 780 நோயாளிகள். அப்புரதத்தால் வந்த தீங்கு என்று ஒன்றேனும் குறிக்கப்படவில்லை. மறுஆய்வு செய்தோரோ, அறுவை முறைக்கு ஏற்ப, நூற்றுக்கு 10 முதல் 50 பேர் வரை ஏதேனும் ஒரு தீங்கு நேர்ந்திருக்கும் என மதிப்பிட்டனர். மருந்து பொய்யன்று, எலும்பு உண்மையிலேயே வளர்ந்தது. 'தீங்கில்லை' என்ற சொல்லே பொய்த்தது.

இரண்டாவது சுவீடனில் நடந்தது. 2011இல் ஸ்டாக்ஹோமின் புகழ்பெற்ற கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மாக்கியரீனி என்னும் அறுவை மருத்துவர், நெகிழியாலான மூச்சுக்குழாய்ச் சட்டகத்தில் நோயாளியின் சொந்த உயிரணுக்களை ஏற்றி, அதனை அவருக்குப் பொருத்தினார். அந்நோயாளி எரித்திரியாவைச் சேர்ந்தவர், ஐஸ்லாந்தில் பயின்றுகொண்டிருந்தவர். உலகச் செய்தித்தாள்கள் கொண்டாடின. சாரம் நின்றது, சுவர் எழவேயில்லை. 2014 சனவரியில் அவர் இறந்தார். சுவீடனில் இவ்வாறு அறுவை செய்யப்பட்ட மூவரும் உயிர் பிழைக்கவில்லை. உடன் பணிபுரிந்த நான்கு மருத்துவர்கள் நோயாளிகளின் குறிப்பேடுகளைப் படித்து, வெளியிடப்பட்ட கட்டுரைகளும் அக்குறிப்புகளும் ஒத்துப்போகவில்லை என்று முறையிட்டனர். முதலில் அவர்களையே குற்றஞ்சாட்டினர் என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வறுவையாளருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இவற்றைப் படித்ததும் என் மனம் உடனே மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். மறுபக்கத்து வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. சாகப்போகிறவனிடம் சென்று, 'பத்தாண்டு பொறு. மெய்ப்பித்துவிட்டு வருகிறோம்' என்பது எவ்வகை அறம்? அவன் உடல், அவன் உயிர், துணியும் உரிமை அவனுக்கில்லையா? தவிர, மெய்ப்பித்தல் என்பதும் தூய கையோடு நடப்பதன்று. அதற்கு நம் கோலாலம்பூரே சான்று.

அக்காலத்தில் பெரிபெரி நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களே பெரிதும் மடிந்தனர். தோட்டங்களில் இருந்த நம் பாட்டன்மார் பெரும்பாலும் தப்பினர். அவர்கள் உண்டது புழுங்கலரிசி. சீனர்கள் உண்டது சியாமிலிருந்து வந்த, நன்கு தீட்டிய பச்சரிசி. அரிசிதான் காரணமோ என்ற ஐயம் எழுந்தது. 1905 திசம்பரில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினர். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கூடத்துக்கும் இரட்டைப்படை எண்ணினர் மற்றொரு கூடத்துக்கும் சென்றனர். ஒரு சாராருக்குத் தீட்டிய அரிசி, மறுசாராருக்குப் புழுங்கலரிசி. ஓராண்டு கழிந்தது. தீட்டிய அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. 1907இல் இலண்டன் 'லான்செட்' இதழில் இம்முடிவு வெளிவந்தது. உணவிலுள்ள ஏதோ ஒரு சத்தின் குறைவே நோய் என்னும் அறிவுக்கு அது ஒரு படிக்கல் ஆயிற்று.

அந்த 18 பேரிடம் யாரும் இசைவு கேட்கவில்லை. கேட்டாலும் விளங்கிக்கொள்ளும் நிலையில் பலர் இருந்திருக்கமாட்டார்கள். இன்று அத்தகைய சோதனையை எந்த நாடும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆயினும் அதன்பின் எத்தனை பேர் பிழைத்தனர் என்று எண்ணும்போது, அவர்களுக்கு எங்கோ ஒரு நடுகல் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அண்ணன் மகளிடம் இதனைச் சொன்னேன். அறிந்து சொல்வதாகக் கூறும் நீங்களும் பிறர் உயிர்மேல் நின்றுதானே அறிகிறீர்கள் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவள் மறுக்கவில்லை. தன் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிகளுக்கு மருந்து செலுத்தி நுரையீரலைத் தழும்பேறச் செய்வதைப் பற்றிச் சொன்னாள். அவ்வெலிகளுள் பல நாளடைவில் தாமே தேறிவிடும், மனிதர் தேறுவதில்லை, ஆகவே எலியில் கண்டதை அப்படியே அப்பாவுக்குச் சொல்ல முடியாது என்றாள்.

பிறகு அவள் சொன்ன ஒன்றுதான் என் மனத்தில் தைத்தது. குருத்தணுக்களை நுரையீரல் நோயாளர்க்கு ஏற்றிப் பார்க்கவே கூடாது என்பது அவள் கருத்தன்று. அமெரிக்காவில் 9 பேருக்கு அவ்வாறு ஏற்றி, தீங்கு நேர்கிறதா என்று மட்டும் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்றியதால் பெருந்தீங்கு எதுவும் நேரவில்லை. குணமாகும் என்று அவர்கள் கூறவில்லை. கூறுமளவுக்கு அச்சோதனை பெரிதுமன்று. "அந்த ஒன்பது பேரில் எவர் இறந்தாலும் அது எழுதப்படும் சித்தப்பா. அடுத்தவருக்குப் பயன்படும். இங்கே வீட்டை அடகு வைத்து ஊசி போட்டுக்கொண்டு அப்பா இறந்தால் அதை எந்த ஏட்டில் எழுதுவார்கள்?"

இதற்கு என்னிடம் விடையில்லை. துணிவதற்கு ஒருவனுக்கு உரிமை உண்டு என்பதை இன்றும் நான் மறுக்கவில்லை. ஆனால் எதை அறியாமல் துணிகிறோம் என்பதை அவனுக்குச் சொல்லியாக வேண்டும். அறியாததை அறிந்ததாகச் சொல்லிப் பணம் பெறும்போது அவ்வுரிமை அவனிடமிருந்து முன்கூட்டியே திருடப்பட்டுவிடுகிறது. நம் சுகாதார அமைச்சு குருத்தணு ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் 2009இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நெறிகள் அலுவலகத்தில் இருக்கின்றன. விளம்பரத் தாளோ வீட்டு வாசலுக்கே வருகிறது. நம் பழைய வைத்தியர்கள் நோயைச் சாத்தியம், அசாத்தியம் என வகுத்து, அசாத்தியமானதை ஏற்பதற்கு அஞ்சினர். தம் பெயர் கெடும் என்ற தன்னலமும் அதில் கலந்திருக்கலாம். இருந்தும், கைவிரித்த வைத்தியர் வீட்டுத் திண்ணையில் ஒரு செம்பு மோர் கொடுத்து உட்காரவைத்து அனுப்புவார் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அண்ணன் மகள் மோர் கொடுக்கவில்லை. அதில் எனக்கு அவள்மேல் குறையும் உண்டு. 'தெரியாது' என்ற சொல்லை அவள் தேர்வுக்கூடத்தில் கூறுவதுபோல் கூறிவிட்டாள். உண்மையைச் சொல்பவர் அதைக் கேட்பவரின் கையையும் பற்றிக்கொள்ளலாம். அதற்கு எந்த ஆய்வேடும் தடையில்லை. இதை அவளிடம் சொன்னேன். "எனக்கும் அழுகை வந்தது சித்தப்பா, அழுதால் அண்ணன் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்று பயமாக இருந்தது" என்றாள்.

வீடு அடகு வைக்கப்படவில்லை. வேண்டாம் என்று சொன்னவர் அண்ணனே. காரணம் கேட்டபோது, "சரியாகத் தெரியாத கொத்தனிடம் நான் சுவரையே விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னார். அண்ணனும் தங்கையும் இப்போது ஒருவரோடொருவர் அளந்தே பேசுகிறார்கள். வார இறுதிகளில் அவள் கிள்ளானுக்கு வந்து, உயிர்வளிக் கருவியின் குழாயைத் துடைத்து மாற்றி, தந்தையின் விரலில் அளவி மாட்டி, எண்ணை ஓர் ஏட்டில் குறித்துக்கொள்கிறாள். எதற்கு அம்மா இது என்று அவர் கேட்பார். எழுதி வைக்கிறேன் அப்பா என்பாள். அவரும் விரலை நீட்டுகிறார்.

அந்த விளம்பரத் தாளை அவர் கிழித்தெறிந்திருப்பார் என்றே எண்ணியிருந்தேன். சென்ற வாரம் நாள் பார்ப்பதற்காகப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். நான்காக மடிக்கப்பட்டு உள்ளே இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அதை இருந்த பக்கத்திலேயே வைத்து மூடினேன்.